லோடு ஒன்றுதான், சூடு வேறு: நிலக்கரிக்குள் என்ன இருக்கிறது?

மதுரை யானைமலை அடிவாரத்திலோ மேலூர் கிரானைட் குவாரியிலோ எவ்வளவு ஆழம் போனாலும் நிலக்கரி கிடைக்காது. இந்தப் பக்கத்துப் பாறை நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகை. பூமிக்குள் வெந்து உருமாறி முடிந்தே ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தில் காடு என்று சொல்லும்படி ஒன்று தழைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து, சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். புதைந்து கரியாக மரமே இல்லாத காலத்துப் பாறை இது. அதனால் கப்பலூரிலோ திருமங்கலத்திலோ ஒரு பாய்லர் கரியில் ஓடுகிறது என்றால், அந்தக் கரி வெளியிலிருந்து வந்ததுதான்.

வருவது ஒரே சரக்கும் இல்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் இந்தோனேசியக் கரி 150 கிலோமீட்டர் சாலைவழி வருகிறது. ஒடிசாவின் தால்ச்சேர் பக்கத்துக் கரி உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக்கருவேலங்காட்டில், விறகை அடுக்கி மண்ணால் மூடிய மூட்டத்தில் வெந்து வரும் மரக்கரியும் உண்டு. நான்கையும் நாம் 'கரி' என்றே சொல்கிறோம், டன் கணக்கில்தான் விலை பேசுகிறோம். ஆனால் ஒரு கிலோ நெய்வேலிக் கரி எரிந்தால் 2,600 கிலோகலோரி சுற்றுவட்டத்தில் சூடு வரும். நல்ல மரக்கரி 7,000 தரும். மற்ற இரண்டும் 3,500 முதல் 5,500 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எடையை மட்டும் பார்த்து வாங்கினால், தண்ணீருக்கும் மண்ணுக்கும் சேர்த்துக் காசு போகும்.

நான்கு பங்கு

நிலக்கரியை ஆய்வுக்கூடத்தில் முதலில் நான்காகப் பிரிப்பார்கள்: ஈரம், ஆவியாகும் பொருள், சாம்பல், நிலைக்கார்பன். எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் ரிப்போர்ட்டில் உள்ள எண்களின் பொருள் தானாகப் புரியும்.

கரியை 212 மைக்ரான் சல்லடையில் விழும் அளவுக்கு மாவாக அரைக்கிறார்கள். அதில் ஒரு கிராம் எடுத்து 108 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைக்கிறார்கள். குறைந்த எடை ஈரம். இன்னொரு கிராமை மூடி போட்ட சிலிக்கா குடுவையில் 900 டிகிரி உலைக்குள் சரியாக 7 நிமிடம் வைக்கிறார்கள். மூடி இருப்பதால் காற்று புகாது, கரி எரியாது. உள்ளே இருக்கும் தார், மீத்தேன், ஹைட்ரஜன், நீராவி எல்லாம் மட்டும் வெளியேறும். குறைந்த எடையில் ஈரத்தைக் கழித்தால் ஆவியாகும் பொருள். மூன்றாவது கிராமைத் திறந்த தட்டில் 815 டிகிரியில் முழுக்க எரித்து, மிஞ்சுவதை எடை போட்டால் சாம்பல். இந்த மூன்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் வருவது நிலைக்கார்பன். அதாவது நிலைக்கார்பனை யாரும் நேராக அளப்பதில்லை. மற்ற மூன்றில் எதில் பிழை நடந்தாலும் அது வந்து சேரும் இடம் இதுதான். 7 நிமிடத்துக்குப் பதில் 5 நிமிடத்தில் குடுவையை வெளியே எடுத்துவிட்டால், ஆவியாகும் பொருள் குறைந்து நிலைக்கார்பன் கூடியதாகக் கரி காகிதத்தில் நல்லதாகிவிடும்.

நம் பக்கம் வரும் சரக்கை இந்த நான்கில் நிறுத்திப் பார்த்தால் முகம் தனித்தனியாகத் தெரியும். நெய்வேலிப் பழுப்புக் கரியில் பாதிக்கு மேல் தண்ணீர், சாம்பல் குறைவு. மலிவான இந்தோனேசியக் கரியில் ஈரம் 30 முதல் 35 சதவீதம், சாம்பல் 5 அல்லது 6, மீதியை ஆவியாகும் பொருளும் நிலைக்கார்பனும் ஏறக்குறைய சரிபாதியாகப் பங்கு போடுகின்றன. தால்ச்சேர் வகைக் கரி இதற்கு நேர் எதிர். ஈரம் குறைவு, ஆனால் சாம்பல் 35 முதல் 45 வரை. சீமைக்கருவேல மரக்கரியில் நிலைக்கார்பன் 70-க்கு மேல், சாம்பல் 2 முதல் 5 வரைதான்.

இந்தியக் கரியில் இவ்வளவு சாம்பல் வரக் காரணம் அது படிந்த விதம். 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கோண்டுவானா காலத்து மரமும் செடியும் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே புதையவில்லை. ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, சேறும் வண்டலுமாகக் கலந்து படிந்தன. மண் கரியின் இழையோடு இழையாக ஏறியிருக்கிறது. மேலே ஒட்டிய மண்ணாக இருந்தால் கழுவிவிடலாம். இதை நொறுக்கிக் கழுவினாலும் ஓரளவுதான் பிரியும்.

சூடு எதிலிருந்து வருகிறது

எரிவது மூன்றே தனிமங்கள்: கார்பன், ஹைட்ரஜன், கந்தகம். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 8,080 கிலோகலோரி. ஹைட்ரஜன் 34,500. கந்தகம் 2,240. கரியில் உள்ள ஆக்சிஜன் எரிபொருள் இல்லை. அது வரும்போதே எட்டுக்கு ஒன்று என்ற எடையில் ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆகவே மொத்த ஹைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். டூலாங் சூத்திரம் என்பது இவ்வளவுதான்.

ஒரு இந்தியக் கரியில் கார்பன் 45, ஹைட்ரஜன் 3, ஆக்சிஜன் 8, நைட்ரஜன் 1, கந்தகம் 0.5, ஈரம் 7.5, சாம்பல் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்குக் கார்பனிலிருந்து 3,636. ஹைட்ரஜனில் 3-லிருந்து 1 போக 2 சதவீதம், அதற்கு 690. கந்தகத்துக்கு 11. கூட்டினால் 4,337 கிலோகலோரி. எடையில் வெறும் 3 சதவீதம் உள்ள ஹைட்ரஜன் சூட்டில் ஆறில் ஒரு பங்கைத் தருவதைக் கவனிக்க வேண்டும். ஆவியாகும் பொருளை 'வீணாகப் புகையாகப் போவது' என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. ஹைட்ரஜனில் பெரும்பகுதி இருப்பதே அதில்தான்.

2012 முதல் இந்தியாவில் நிலக்கரிக்கு இந்தச் சூட்டை வைத்தே தரம் போடுகிறார்கள். 7,000-க்கு மேல் ஜி-1. பிறகு 300, 300 கிலோகலோரியாக இறங்கி 2,201 முதல் 2,500 வரை ஜி-17. நம் உதாரணக் கரி ஜி-10-க்குள் விழும்.

உண்மையில் அளப்பது பாம் கலோரிமீட்டரில். ஒரு கிராம் கரியை வில்லையாக அழுத்தி, தடித்த எஃகுப் பாத்திரத்துக்குள் 25 முதல் 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுப் பற்றவைக்கிறார்கள். பாத்திரம் தண்ணீரில் மூழ்கியிருக்கும். கருவியை ஒரு டிகிரி சூடேற்ற 2,400 கலோரி வேண்டும் (இதைத்தான் நீர்ச்சமம் என்பார்கள்) என்றால், நம் கரி எரிந்ததும் தண்ணீர் 1.8 டிகிரிதான் ஏறும். ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு தவறாகப் படித்தாலே கிலோவுக்கு 24 கிலோகலோரி மாறிவிடும். அதனால்தான் கிராமுக்கு 6,318 கலோரி என்று தெரிந்த பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கருவியை அவ்வப்போது சரிபார்க்கிறார்கள். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் கேட்பது வாங்குபவரின் உரிமை.

ஆனால் பெரிய பிழை கருவிக்குள் நடப்பதில்லை. லாரியின் மேல் நின்று மூன்று கை அள்ளி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டும் இடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. லாரி குலுங்கி வரும்போது தூள் அடியில் இறங்கும், கட்டி மேலே நிற்கும். மேல்பரப்பு வெயிலில் காய்ந்திருக்கும். அங்கே எடுத்த மாதிரி அந்த லோடுக்குச் சாட்சி ஆகாது. கொட்டும்போது முன், நடு, பின் என்று பத்து இடங்களிலாவது எடுத்து, உடைத்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால் பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீண்டும் அதேபோல் செய்து இரண்டு கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். உடனே இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே ஈரம் போய்விடும்.

தண்ணீர் செய்யும் வேலை

கரியில் ஈரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. மழையாலும் தெளித்ததாலும் மேலே ஒட்டியது ஒன்று. கரியின் நுண்துளைகளுக்குள் உள்ளது மற்றொன்று. வெயிலில் பரப்பினால் முதலாவது போகும். இரண்டாவது நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் முழுதாக வெளியேறும், ஆறிய பிறகு காற்றிலிருந்து ஓரளவு திரும்பியும் வந்துவிடும்.

விற்பவர் தரும் காகிதத்தில் ஒரு சின்னக் குறிப்பு எல்லாவற்றையும் மாற்றும். 'ஏடிபி' என்று இருந்தால் ஆய்வுக்கூடக் காற்றில் உலர வைத்த கரிக்கான எண். 'ஏஆர்பி' என்று இருந்தால் லாரியில் வந்தபடியே உள்ள கரிக்கான எண். பாய்லருக்குள் போவது இரண்டாவதுதான். ஜிசிவி (கலோரிமீட்டர் அளக்கும் மொத்தச் சூடு) 5,500 ஏடிபி, அந்த நிலையில் ஈரம் 12 சதவீதம், மொத்த ஈரம் 30 சதவீதம் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், 5,500-ஐ 70-ஆல் பெருக்கி 88-ஆல் வகுக்க வேண்டும். வருவது 4,375. டன் 8,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், ஆயிரம் கிலோகலோரிக்கு 1 ரூபாய் 45 காசு என்று நினைத்தது 1 ரூபாய் 83 காசாகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இரண்டு எண்ணும் இருக்கும். வாங்குபவர் பெரிய எழுத்தில் உள்ளதை மட்டும் படித்திருப்பார்.

ஈரம் எடையை மட்டும் தின்பதில்லை, எரிந்த சூட்டிலும் பங்கு கேட்கும். 30 டிகிரித் தண்ணீர் 200 டிகிரி நீராவியாகப் புகைபோக்கி வழியே போக, கிலோவுக்குச் சுமார் 650 கிலோகலோரி கொண்டுபோகும். 35 சதவீத ஈரக் கரியில் அது கரி கிலோவுக்கு 230 கிலோகலோரி. இதோடு முடியவில்லை. ஹைட்ரஜன் எரிந்தால் தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு தண்ணீர் உண்டாகிறது. அதுவும் ஆவியாகவே வெளியேறும். இரண்டும் சேர்ந்து 4,200 கிலோகலோரிக் கரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியில் விட்டுவிடுகின்றன. இந்த நீராவியைக் கலோரிமீட்டர் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அதன் சூட்டையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. அதுதான் ஜிசிவி. அதைக் கழித்தால் என்சிவி. பாய்லரால் எட்டிப்பிடிக்கக்கூடியது என்சிவி மட்டும்தான்.

தூளாக வந்த கரிக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் நல்லது. காய்ந்த தூளை அள்ளிப் போட்டால் பாதி, அடுப்பில் கரியைத் தாங்கும் கிரேட் கம்பிகளின் இடைவெளியில் விழும், மீதி காற்றோடு பறந்து எரியாமலே புகைக்குழாயில் சேரும். மேலீரம் 4 முதல் 8 சதவீதம் வரும்படி, தூள் கூடக்கூடத் தண்ணீரையும் கூட்டித் தெளித்துப் புரட்டினால் துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஊற்றுவதில் அல்ல, புரட்டுவதில்தான் இருக்கிறது வேலை.

அடுப்புக்குள்

ஒரு கட்டி கரி செந்தணலில் விழுந்ததும் உடனே எரிவதில்லை. நிலக்கரி சூட்டை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். எஃகு கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதனால் கட்டியின் தோல் தகிக்கும்போதும் உள்ளே கை பொறுக்கும் சூடுதான் இருக்கும். முதலில் ஈரம் போகிறது. 350 டிகிரி வாக்கில் கரி சிதையத் தொடங்கித் தாரும் வாயுவும் கிளம்புகின்றன. நீளமான மஞ்சள் சுவாலை இந்த வாயு எரிவதுதான். அது அடங்கிய பிறகு மிஞ்சும் கார்பன் சிவந்து, சுவாலை குட்டையாகி, நின்று எரியும்.

இந்த இரண்டு எரிதலுக்கும் காற்று வேறு வேறு இடத்தில் வேண்டும். கார்பனுக்குக் கிரேட் கம்பிக்கு அடியிலிருந்து. வாயுவுக்குத் தணலுக்கு மேலிருந்து. நம் உதாரணக் கரி ஒரு கிலோவுக்குக் கணக்குப்படி 6 கிலோ காற்று, அதாவது 5 கன மீட்டர் வேண்டும். கையால் கரி போடும் அடுப்பில் பாதிக்குப் பாதி கூடுதலாகவே விட வேண்டியிருக்கும். குறைந்தால் கார்பன் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். அப்போது கிடைப்பது கிலோவுக்கு 8,080 அல்ல, சுமார் 2,430. பத்தில் ஏழு பங்கு சூடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அளவுக்கு மீறிக் காற்று விட்டாலும் நஷ்டம்தான். வேண்டாத காற்றைச் சூடாக்கி வெளியே தள்ளுகிறோம். புகைபோக்கிச் சூடு 20, 22 டிகிரி ஏறினால் பாய்லர் திறன் ஒரு சதவீதம் இறங்கியது என்று கணக்கு.

கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் கரியைவிடப் போடும் முறையே காரணம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பத்து மண்வெட்டி கொட்டினால், தணல் மூடிப்போகும், வாயு மொத்தமாகக் கிளம்பும், மேலே அதை எரிக்கச் சூடும் இல்லை, காற்றும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் தணல் தெரியும்படி, இரண்டு இரண்டு மண்வெட்டியாகத் தூவினால் அதே கரி தெளிவாக எரியும். ஆவியாகும் பொருள் கூடிய இந்தோனேசியக் கரிக்கு மாறும்போது மேல்காற்றைத் திறந்து, தணல் கனத்தைக் குறைக்க வேண்டும். பழைய கரியின் பழக்கத்திலேயே ஓட்டிவிட்டு 'இறக்குமதிக் கரி புகைகிறது' என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கரிமேல் குற்றம் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்து பாய்லர் 70 சதவீதத் திறனில் ஓடினால், 30 டிகிரித் தண்ணீரை 7 கிலோ அழுத்த நீராவியாக்க, நம் 4,337 கரி கிலோவுக்கு நாலே முக்கால் கிலோ நீராவி தரும். வாரம் ஒருமுறை கரியையும் தண்ணீர் மீட்டரையும் வைத்து இந்த ஒரு விகிதத்தைப் பார்த்தால் போதும். நான்கு கிலோவுக்குக் கீழே இறங்கினால் கரியிலோ காற்றிலோ குழாயிலோ ஏதோ மாறியிருக்கிறது.

சாம்பல் குளிர்ந்து கிடக்கும் வெறும் மண் அல்ல. அதில் சிலிக்காவும் அலுமினாவும் கூடியிருந்தால் எளிதில் உருகாது. தால்ச்சேர் வகைச் சாம்பல் பெரும்பாலும் அப்படித்தான். இரும்பு, சுண்ணாம்பு, சோடியம் கூடிய சாம்பல் 1,200 டிகிரிக்கு முன்பே இளகி, கம்பிமேல் கிட்டமாக, அதாவது உருகி இறுகிய கட்டியாகப் படிந்து காற்று வழியை அடைத்துவிடும். குறைந்த சாம்பல் என்று வாங்கிய கரியில் கிட்டம் பிடிப்பது இதனால்தான். அதன் அளவு 5 சதவீதமாக இருக்கலாம், உருகும் சூடு காகிதத்தில் வேறு வரியில் இருக்கும். கிட்டம் பிடித்த அடுப்பைக் கம்பியால் குத்திக் கிளறிக்கொண்டே இருந்தால் சாம்பல் தணலின் சூடான பகுதிக்கு ஏறி இன்னும் உருகும். ஓரமாக நெம்பி முழுத் துண்டாக எடுக்க வேண்டும்.

வெளியே கொட்டும் சாம்பலையும் பார்க்க வேண்டும். அதில் 10 சதவீதம் எரியாத கார்பன் இருந்தால், 35 சதவீதச் சாம்பல் கரியில் கிலோவுக்கு 310 கிலோகலோரி, அதாவது 7 சதவீதச் சூடு குப்பைக்குப் போகிறது. 6 சதவீதச் சாம்பல் கரியில் அதே 10 சதவீதம் என்றாலும் போவது 54 கிலோகலோரிதான். ஒரே கைப்பிழைக்கு இரண்டு கரியில் இரண்டு தண்டனை.

அரிவாள் பட்டறை ஏன் மரக்கரியை விடவில்லை

கந்தகம் எரிந்தால் கொஞ்சம் சூடு வரும் என்று மேலே எழுதினோம். அது கொடுப்பதைவிடக் கெடுப்பது அதிகம். ஒரு கிலோ கந்தகம் இரண்டு கிலோ கந்தக டைஆக்சைடாகிறது. புகை 150 டிகிரிக்குக் கீழே ஆறினால் அமிலமாகக் கசிந்து குழாயின் குளிர்ந்த முனையை அரிக்கும். இந்தியக் கரியில் அசாம் சரக்கு நீங்கலாக இது பெரும்பாலும் 0.6 சதவீதத்துக்குள்தான்.

அந்தக் கொஞ்சம்கூட ஆகாத இடம் கொல்லன் உலை. மதுரையிலிருந்து மானாமதுரை சாலையில் இருக்கும் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர்போன ஊர். உலையில் கிடக்கும் எஃகு செம்மஞ்சளாகப் பழுக்கும்போது 950 டிகிரி. இன்னும் மஞ்சளேறும்போது 1,050-ஐத் தாண்டும். கந்தகமுள்ள கரியில் பழுக்க வைத்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து 988 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகி, எஃகின் நுண்மணிகளுக்கு இடையே பாய்கிறது. சம்மட்டி விழுந்ததும் விளிம்பில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். தீட்டினால் மறையும். தோய்ச்சல் போட்டு (பழுத்த எஃகை முக்கிக் குளிர்வித்து) முதல் கட்டையில் வெட்டும்போது வாய் பெயரும். மரக்கரியில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். ஆவியாகும் பொருளும் குறைவு என்பதால் புகை மறைக்காமல் எஃகின் நிறம் தெளிவாகத் தெரியும். நிறம் பார்த்துச் சூடு அறியும் தொழிலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். நிலக்கரிதான் கிடைத்தது என்றால், உலை ஓரத்தில் முதலில் வேகவைத்து, சிவகாசிப் பட்டாசு நெடியும் மஞ்சள் புகையும் அடங்கிக் கோக்கான (ஆவியாகும் பொருள் போய்க் கார்பன் மிஞ்சிய) பிறகே நடுத்தணலுக்குத் தள்ள வேண்டும். அப்போதும் கந்தகம் முழுதாகப் போகாது.

மரக்கரியின் விலை அதன் பிறப்பில் இருக்கிறது. மண் மூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு நாலைந்து கிலோ விறகு வேண்டும். ஐந்து கிலோ காய்ந்த விறகில் 18,000 கிலோகலோரிக்குமேல் உண்டு. கைக்கு வருவது 7,000. மீதி மூட்டத்தின் புகையாகப் போய்விட்டது. வெறும் சூட்டுக்காக மட்டும் என்றால் மூட்டம் போடுவது நஷ்டம். சுத்தமான தணலுக்காக அந்த நஷ்டத்தை ஏற்கிறோம்.

முக்கால் எரிந்த மரக்கரியின்மேல் மெல்லிய நீலச் சுவாலை ஓடும். அது கார்பன் மோனாக்சைடு எரிவது. சுவாலை இல்லாத தணலிலிருந்து அதே வாயு எரியாமல் வருகிறது. நிறம் இல்லை, நெடி இல்லை. கொடைக்கானல் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்குவது சாவை அழைப்பது. புகை வரவில்லை என்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது.

குவியல் தானாகப் பற்றுவது

இந்தோனேசிய ஈரக் கரியும் பழுப்பு நிலக்கரியும் தீக்குச்சி இல்லாமலே பற்றும். துளை நிறைந்த கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சாதாரணச் சூட்டிலேயே பிடிக்கிறது. ஒவ்வொரு பிடிப்பிலும் துளிச் சூடு. கரி சூட்டைக் கடத்தாது என்பதால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 70 டிகிரியைத் தாண்டியதும் ஆவி பறக்கும், பிறகு நிற்காது.

எங்கே பற்றும் என்பதும் தற்செயல் இல்லை. டிப்பர் கொட்டும்போது கட்டிகள் உருண்டு அடிவாரத்துக்கு ஓடும், தூள் நடுவில் நிற்கும். அடிவாரத்துக் கட்டிகளின் இடுக்கு வழியே காற்று நுழைந்து, ஒரு மீட்டர் உள்ளே தூளைச் சேர்கிறது. எரிய ஆக்சிஜன் போதும், குளிர்விக்கக் காற்று போதாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது மேற்குச் சரிவில்தான் முதல் புகை வரும். அடுத்த ஆபத்து ஐப்பசியில். கோடையில் காய்ந்த கரி மழைநீரைத் துளைக்குள் இழுக்கும்போதும் சூடு வெளிவரும். மழை நின்ற காலையில் குவியலில் ஒரு இடம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தால், அங்கே மண்ணெண்ணெய் போன்ற நெடி அடித்தால், உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சிறிய யார்டில் இரண்டு, இரண்டரை மீட்டருக்குமேல் குவிக்கக் கூடாது. அரை மீட்டர் அடுக்காகப் பரப்பி, பொக்லைனை ஏற்றி அழுத்தி, சரிவையும் அழுத்த வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். மூன்று, நான்கு வாரத்துக்குமேல் ஒரே இடத்தில் கிடக்கவிடக் கூடாது. நீளமான இரும்புக் கம்பியை ஒன்றரை மீட்டர் உள்ளே செருகி, கால் மணி நேரம் கழித்து உருவி, உள்ளே இருந்த முனையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டு நிறுத்த முடியாவிட்டால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது.

அப்போது குழாயைப் பிடித்து மேலிருந்து தண்ணீர் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் ஒரு ஓடை பிடித்து இறங்கிவிடும், சூடான பகுதியைத் தொடாது. தொட்டாலும், செந்தணலில் விழும் நீர் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாகப் பிரிந்து வெடிக்கக்கூடிய வாயுவாகும். காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு, சூடான பகுதியைப் பொக்லைனால் வெட்டி எடுத்து, தனியாக ஓரடிக் கனத்துக்குப் பரப்பி, பரப்பியதன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெட்டிய குழியை அப்படியே திறந்து விடாமல் சரித்து அழுத்தி மூட வேண்டும். ஆறிய கரியைத் திரும்பக் குவியலில் சேர்க்கக் கூடாது. ஒருமுறை வெந்த கரி அடுத்தமுறை சீக்கிரம் பற்றும், அதன் கலோரியும் ஏற்கெனவே குறைந்திருக்கும். அது அன்றைக்கே பாய்லருக்குப் போக வேண்டும்.